163-ஆ, 170-ஆ?

ஜனவரி 6

பனியில் சறுக்கக் காலில் மாட்டும் நீண்ட பலகையான ஸ்கீ, எனக்கு 163 செ.மீ. நீளமுள்ளதா, 170 உள்ளதா என்று முடிவு செய்ய வேண்டும். சுவரோடு முதுகை ஒட்டி நின்று அளந்தேன். உயரம் 172 செ.மீ.; தாடை 150, மூக்கு நுனி 157, புருவம் 162. ஸ்கீயைச் செங்குத்தாக நிறுத்தினால் புதிதாகக் கற்பவருக்குத் தாடைக்கும் மூக்குக்கும் இடையே எட்ட வேண்டும், தேர்ந்தவருக்கு நெற்றியிலிருந்து உச்சந்தலை வரையிலோ அதற்குச் சற்று மேலேயோ என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். அதனால் அந்தக் கணக்கு 163-ஐயும் விலக்கவில்லை, 170-ஐயும் விலக்கவில்லை.

ஜனவரி 7

எடை 81 கிலோ. முழங்கால் சரியில்லாத இந்த மாதங்களில் ஏறியதுதான். ஸ்கீயை வளைப்பது நம் உயரத்தைவிட நம் பாரமே என்பதால், ஒரே உயரமுள்ள இருவரில் கனமானவர் சற்று நீளமானதையோ விறைப்பானதையோ எடுக்கலாம். மெலிந்தவருக்கு அதே ஸ்கீ வளைந்து கொடுக்காமல் நேராகவே ஓடும். இந்தக் கணக்கில் 170 முன்னே வருகிறது.

ஜனவரி 9

முழங்கால் இன்று வீங்கவில்லை.

ஜனவரி 12

அண்ணன் தொலைபேசியில் பிடிவாதமாக 170 என்றான். குட்டையாக எடுத்தால் வேகத்தில் முனை உதறும் என்கிறான், அது உண்மைதான். ஆனால் அவன் பழகிய காலம் வேறு. கையைத் தலைக்கு மேல் தூக்கி நின்று, மணிக்கட்டைத் தொடும் ஸ்கீயே சரியானது என்று கருதிய காலம் அது; பக்கங்கள் ஏறக்குறைய நேராக இருந்த அந்த ஸ்கீகளில் 200 செ.மீ. என்பது பெரியவர்களுக்கு வெகு சாதாரணமான நீளம். 1960-களிலேயே அமெரிக்காவில் க்ளிஃப் டெய்லர், கற்பவர்களைக் குட்டையான ஸ்கீயில் தொடங்கவைத்துப் படிப்படியாக நீளத்தைக் கூட்டும் முறையைப் பரப்பினார். பின்னர் 1990-களில், ஸ்லோவேனியாவின் இலான் நிறுவனம் கொண்டுவந்த எஸ்.சி.எக்ஸ். போன்ற, இடை குறுகி இரு முனைகளும் அகன்ற ஸ்கீகள் பரவின. விளிம்பில் சாய்த்தாலே அவை திரும்பிவிடும் என்பதால் அவ்வளவு நீளம் தேவைப்படாமல் போயிற்று. இதை அண்ணனிடம் பொறுமையாகச் சொன்னேன். "முதலில் காலைப் பார்" என்று வைத்துவிட்டான்.

ஜனவரி 15

என் திறனை எந்தத் தட்டில் வைப்பது என்பதே இன்று முழுவதும் ஓடிய கவலை. சீரான சரிவில் இரு ஸ்கீகளையும் இணையாக வைத்துத் திரும்புவேன். செங்குத்தான இடத்திலும் இறுகிய பனியிலும் பின்பகுதி வழுக்கிவிடும். வேகத்தை நான் தேடிப் போவதில்லை. நீளமான ஸ்கீ வேகத்தில் தரும் நிலைத்தன்மைக்கு விலையாக ஒவ்வொரு திருப்பத்திலும் கூடுதல் உழைப்பைக் கேட்கிறது. அந்த வேகத்துக்கே போகாதவன் அந்த விலையை எதற்குக் கொடுக்க வேண்டும்?

ஜனவரி 18

இரு ஸ்கீகளின் விவரத் தாள்களையும் மறுபடியும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஒப்பிடக் கூடாத இரண்டு எண்களை இதுவரை ஒப்பிட்டுக்கொண்டிருப்பது புலப்பட்டது. 170-க்கு முன்னும் பின்னும் ராக்கர் இருக்கிறது. அதாவது முனைகள் முன்கூட்டியே மேல்நோக்கி எழுவதால், கெட்டியான பனியில் உண்மையாகக் கடிக்கும் விளிம்பு அதன் நீளத்தைவிட வெகுவாகக் குறைவு. 163-ல் கேம்பர், அதாவது நடுப்பகுதி வில்போல மேலெழுந்த வளைவு, ஏறக்குறைய முழு நீளத்துக்கும் ஓடுகிறது. நிற்பவரின் பாரம் இறங்கியதும் விளிம்பு முழுவதும் பனியில் படியும். ஆகவே பனியின்மேல் இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளமாகக்கூட இருக்கலாம். ராக்கர் உள்ளதைச் சற்று நீளமாக எடுக்கச் சொல்வதும் இதனால்தான். போதாததற்கு, நீளத்தை அளக்கும் விதமே நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. ஸ்கீ தானாகத் திரும்பும் வட்டத்தின் அளவான வளைவு ஆரமும் வேறு: 163-க்கு 14 மீட்டர், 170-க்கு 17.

ஜனவரி 19

உலகக் கோப்பைப் பந்தயத்தில், நெருக்கமான கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் ஆண்களின் ஸ்லாலமுக்கு ஸ்கீயின் குறைந்தபட்ச நீளம் 165 செ.மீ., அதிவேகமாக இறங்கும் டவுன்ஹில்லுக்கு 218. ஒரே வீரர் இரண்டிலும் இறங்கினால், அவர் உடல் மாறுவதில்லை. செய்யும் வேலைதான் மாறுகிறது.

ஜனவரி 20

இரவு வலி. எழுத மனமில்லை.

ஜனவரி 23

முழங்காலுக்குப் பயிற்சி தரும் அம்மா ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழச் சொன்னார், முடிந்தது. அந்த மகிழ்ச்சியோடு வந்து மீண்டும் தாள்களை விரித்தேன். நீளத்தைப் பற்றியே யோசித்ததில் இடை அகலத்தைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. 170-ன் இடை 88 மி.மீ.; 163-ன் இடை 76. கெட்டியான பனியில் ஸ்கீயைச் சாய்க்கும்போது, விளிம்பு பாதத்தின் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவுக்குக் கணுக்காலும் முழங்காலும் கூடுதலாகப் போராட வேண்டும். ஆழமான புதுப்பனியில் அகலமும் நீளமும் மிதக்கவைக்கும் என்பது சரி. இந்தப் பருவத்தில் நான் சமன்படுத்திய சரிவை விட்டு வெளியே போகப் போவதில்லை. 163. எடைக்காக, அதில் மிக நெகிழ்வான வகையை மட்டும் தவிர்க்க வேண்டும்.

ஜனவரி 26

அண்ணன் மறுபடி அழைத்தான். 170 என்று சொல்லவில்லை.

ஜனவரி 30

மருத்துவரைப் பார்ப்பது திங்களுக்குத் தள்ளிப் போயிருக்கிறது. பூட்ஸை ஸ்கீயோடு பிணைத்து, விழும்போது விடுவிக்கும் கருவி பைண்டிங்; அதன் விடுவிப்பு அளவைக் கணக்கிட எடை, உயரம், வயது, சறுக்கும் விதம், பூட்ஸின் அடிநீளம் ஆகியவற்றைக் கடையில் கேட்டிருக்கிறார்கள். அடிநீளம் 315 மி.மீ. சறுக்கும் விதத்தில் மூன்று வகைகள் உண்டு. மிதமான வேகத்தில் எச்சரிக்கையாகச் சறுக்குபவருக்கான முதல் வகையையே குறித்திருக்கிறேன். முழங்காலைப் பற்றியும் ஒரு வரி சேர்த்து இன்றிரவே அனுப்பிவிட வேண்டும்.