ஜோடி ஜோடியாக ஊற்றுங்கள்: டபிள்யூ.எஸ்.இ.டி. மூன்றாம் நிலை டேஸ்டிங் அனுபவம்

டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் படிப்பின் மூன்றாம் நிலைப் பரீட்சை ரிசல்ட் வந்துவிட்டது. மெரிட். டிஸ்டிங்ஷனுக்கு 80 சதவீதம் வேண்டும், அது கிடைக்கவில்லை என்று ஒரு சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நிம்மதிதான் மிச்சம். பணம் கட்டிவிட்டு, ஒயினை ருசித்து விவரம் எழுதும் டேஸ்டிங் பரீட்சையை நினைத்து வயிறு கலங்கிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தியரிக்கு எல்லா இடத்திலும் நோட்ஸ் கிடைக்கிறது, அதைக் கடைசியில் கொஞ்சம் தொடுகிறேன்.

நான் லியோனில் ஒரு உணவகத்தில் பரிமாறும் வேலை பார்க்கிறேன். வடக்கே ரயில் ஏறினால் போஜொலேவும் பர்கண்டியும், தெற்கே ஏறினால் ரோன் பள்ளத்தாக்கு, எல்லாம் பேர்போன ஒயின் பகுதிகள். இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு ஒயின் புரியவில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் உண்மையிலேயே ரொம்ப நாள் புரியவில்லை. வகுப்பில் கிளாஸ் கிளாஸாக வந்துகொண்டே இருக்கும். முகர், கொப்பளி, துப்பு, அட்டவணையை நிரப்பு, அடுத்தது. ஆசிரியர் “அசிடிட்டி (ஒயினின் புளிப்பு) மீடியம் பிளஸ்” என்பார். நாங்களும் தலையாட்டி எழுதிக்கொள்வோம். எதோடு ஒப்பிட்டுப் பிளஸ் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

என் ஒரே உபாயம் இதுதான்: ஒரு ஒயினைத் தனியாக ருசிக்காதீர்கள். பக்கத்தில் இன்னொன்று இருக்கட்டும். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த இன்னொன்று அல்ல. ஏதாவது ஒரு விஷயத்தில் பளிச்சென்று வேறுபடுகிற ஒன்று.

எனக்கு முதலில் உறைத்தது பிரான்ஸின் அல்சாஸ் பகுதி ஜோடியில். ரீஸ்லிங் திராட்சையில் ஒரு கிளாஸ், கெவுர்ஸ்ட்ராமினர் திராட்சையில் ஒரு கிளாஸ். வோஜ் மலை மழையைத் தடுத்துவிடுவதால் வெயில் நன்றாகக் காயும் அதே பகுதி, இரண்டும் வெள்ளை, இரண்டிலும் வாசனை தூக்கலாக இருக்கும். ரீஸ்லிங்கைத் துப்பிவிட்டு, வாயை லேசாகத் திறந்து, தலையைக் குனிந்து பாருங்கள். புளியங்காயைக் கண்டதுபோல் இரண்டு கன்னத்திலிருந்தும் எச்சில் சுரக்கும். கெவுர்ஸ்ட்ராமினரில் அது நடக்காது. லிச்சி, ரோஜா என்று மூக்கை நிறைக்கும், தொண்டையில் ஆல்கஹால் சுடும், எச்சில் மட்டும் சும்மா இருக்கும். அன்றிலிருந்து என் மனதில் அசிடிட்டி ‘ஹை’ என்றால் இது, ‘லோ’ பக்கம் என்றால் அது. பரீட்சையில் வருகிற எந்த ஒயினையும் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே உட்கார்கிறது என்று பார்த்தால் போதும். மீடியம் மைனஸ், மீடியம் பிளஸ் குழப்பமெல்லாம் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

அப்புறம் நான் போட்ட மற்ற ஜோடிகள்:

- ஷாப்லி, மாக்கோன். இரண்டும் ஷார்டொனே திராட்சை. ஷாப்லி குளிர் பிரதேசம்: பச்சை ஆப்பிள், எலுமிச்சை. மாக்கோன் தெற்கே: பீச், முலாம்பழம். பழம் எவ்வளவு பழுத்திருக்கிறது என்பதைப் படிக்க இதைவிட நல்ல ஜோடி இல்லை. இரண்டுமே ஓக் மரப் பீப்பாய் படாததாக வாங்குங்கள்.
- மஸ்காடே, சான்செர். இரண்டும் லுவார் பள்ளத்தாக்கு, இரண்டிலும் அசிடிட்டி அதிகம். மஸ்காடே மூக்குக்கு எட்டுவதே கஷ்டம், சான்செர் தூரத்திலிருந்தே வரும். வாசனையின் தீவிரத்துக்கு இது.
- வூவ்ரே செக் (இனிப்பில்லாதது), வூவ்ரே டெமி-செக் (அரை இனிப்பு). இனிப்பு அசிடிட்டியை மறைத்து ஏமாற்றும். நாக்கை நம்பாமல் எச்சிலை நம்பப் பழகுவது இங்கேதான்.
- ஃப்ளூரி, மதிரான். கமே திராட்சை ஒரு பக்கம், தனா திராட்சை ஒரு பக்கம். மேல் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வறண்டு ஒட்டுகிறதா என்று பாருங்கள், அதுதான் டானின் என்கிற துவர்ப்பு. எச்சில் ஊறினால் அசிடிட்டி, வறண்டால் டானின். சிவப்பு ஒயினில் பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.
- க்ரோஸ்-எர்மிதாஜ், ஷாத்தோநஃப்-து-பாப். வடக்கு ரோனின் சிரா திராட்சை, தெற்கு ரோனின் கிரெனாஷ் திராட்சை. மிளகும் நடுத்தர ஆல்கஹாலும் ஒரு பக்கம். மறுபக்கம் 14 சதவீதத்தைத் தாண்டிய சூடு. எஸ்.ஏ.டி. என்கிற அந்த டேஸ்டிங் அட்டவணையின் கணக்கில் 14-லிருந்துதான் ‘ஹை’. விலை கட்டுப்படியாகாவிட்டால் தெற்குக்குக் கோத்-து-ரோன் வில்லாஜ் போதும்.
- சாதா போஜொலே, மோர்கோன். ஒரே திராட்சை. தர மதிப்பீட்டில் ‘குட்’ எங்கே முடிகிறது, ‘வெரி குட்’ எங்கே தொடங்குகிறது என்று தெரிய.

போர்தோவில் ஆற்றின் இடக்கரை, வலக்கரை ஒயின் ஜோடியை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். சரளை மண்ணில் கேபர்னே திராட்சை, களிமண்ணில் மெர்லோ திராட்சை என்று புத்தகத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டுமே பெரும்பாலும் கலவை. கையில் இருக்கும் காசுக்கு வாங்கும் பாட்டிலில் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிவதில்லை. யாராவது நல்ல பாட்டில் திறந்தால் போய் உட்காருங்கள், சொந்தக் காசில் வேண்டாம்.

கூட்டமாக உட்கார்ந்து பயிற்சி செய்வது எனக்கு ஒத்துவரவில்லை. ஒருவர் “பேரிக்காய்” என்றால் அடுத்த நொடி மேசை முழுக்கப் பேரிக்காய். வீட்டில் தனியாக, யாரையாவது ஊற்றித் தரச் சொல்லி, எது எந்தக் கிளாஸ் என்று தெரியாமல் செய்ததுதான் உதவியது. கலகலப்பான ஆட்களுக்கு வேறு வழி இருக்கலாம், எனக்குத் தெரிந்தது இதுதான். வாசனைக் குப்பிகள் அடுக்கிய விலையுயர்ந்த பெட்டியெல்லாம் வேண்டாம். சூப்பர் மார்க்கெட்டில் உறைய வைத்த பிளாக்கரன்ட், ராஸ்ப்பெரி பாக்கெட் வாங்கி முகர்ந்து பாருங்கள். நம்மில் பலர் சின்ன வயதில் சாப்பிடாத பழங்கள் அவை. மிளகு, கிராம்பு, லிச்சிக்கு நமக்குப் பயிற்சியே வேண்டாம்.

பரீட்சை அறையில்:

திராட்சையின் பெயரைக் கண்டுபிடிக்க மதிப்பெண் கிடையாது. தெரிந்த விஷயம்தான், ஆனாலும் உட்கார்ந்தவுடன் மூளை அதைத்தான் தேடும். “இது ஷாப்லி” என்று முடிவு கட்டிவிட்டால், கிளாஸில் ஓக் தரும் வெனிலா வாசனை இருந்தாலும் கை ஓக் இல்லை என்று எழுதிவிடும். பெயர் தோன்றினால் தோன்றட்டும், தாளில் இருப்பது கிளாஸிலிருந்து மட்டும் வர வேண்டும்.

‘சிட்ரஸ்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எலுமிச்சை, கிரேப்ஃப்ரூட் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

தரம் எழுதும் முன் சமநிலை, நீளம், தீவிரம், வாசனைகளின் அடுக்கு இந்த நாலையும் விரல் விட்டு எண்ணுங்கள். பிடித்திருக்கிறதா என்பது யாருக்கும் வேண்டாத தகவல்.

காலையில் காபி வேண்டாம். பல் தேய்ப்பதைச் சீக்கிரமே முடித்துவிடுங்கள்.

சரி, தியரி. பெரிய கேள்விகள் நாலும் “ஏன்” என்றுதான் கேட்கும். அதற்கும் ஜோடிப் பழக்கமே கை கொடுத்தது, ஒவ்வொரு காரணத்தையும் கிளாஸ்வரை கொண்டுபோய் விடுவது கையோடு வந்துவிட்டது. உதாரணத்துக்கு சோத்தெர்ன் என்கிற போர்தோ இனிப்பு ஒயின். குளிர்ந்த சிரோன் ஆறு கரோனில் கலக்கும் இடத்தில் இலையுதிர் காலக் காலைப் பனிமூட்டம், அதனால் போட்ரிடிஸ் பூஞ்சை வரும், மதிய வெயில் அது எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும், பூஞ்சை தோலைத் துளைக்க நீர் ஆவியாகும், சர்க்கரையும் அமிலமும் செறியும், எல்லாப் பழமும் ஒரே நாளில் தயாராகாததால் பலமுறை கையால் பறிக்க வேண்டும், விளைச்சல் குறைவு, ஆகவே விலை அதிகம். “போட்ரிடிஸ் காரணம்” என்று மட்டும் எழுதிவிட்டுப் பக்கம் திருப்புகிறவர்கள்தான் வெளியே வந்து திருத்தியவரைத் திட்டுகிறார்கள்.