மலைநாட்டு வீதிகளில் சஸ்பென்ஷன்: பணம் முதலில் முன் ஃபோர்க்குக்கு

மோட்டார் சைக்கிளின் சஸ்பென்ஷனை, அதாவது வீதியின் அதிர்வைத் தாங்கும் பாகங்களை, மாற்ற நினைக்கும் பலரும் முதலில் பின் ஷொக்கைத்தான் தேடிப் போகிறார்கள். அது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் சில போல்ட்டுகளைக் கழற்றிப் பூட்டினால் வேலையும் முடிந்துவிடுகிறது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் அன்றாடம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதற்கு நேர்மாறானது. கையிலுள்ள பணத்தை முதலில், முன் சில்லைத் தாங்கி அமுங்கி எழும் ஃபோர்க்குக்குச் செலவிடுங்கள்.

காரணம் நம்முடைய வீதிகளில்தான் இருக்கிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கண்டி ஏறத்தாழ 500 மீற்றரில் உள்ளது. லபுக்கலை, இறம்பொடை வழியாக இறங்கும் ஏ5 வீதி அந்த உயரத்தின் பெரும்பகுதியை முடக்குக்கு மேல் முடக்காகத்தான் இறக்கி வைக்கிறது. ஓட்டுநரும் பின்னால் இருப்பவரும் சேர்ந்து வண்டியின் மொத்த எடை 220 கிலோகிராம் என்றும், எடை மையத்தின் உயரம் இரண்டு சில்லுகளுக்கிடையேயான தூரத்தில் பாதி என்றும் வைத்துக்கொண்டால், 10 சதவீதச் சரிவில் மாறாத வேகத்தில் இறங்கும்போதே 11 கிலோகிராம் அளவு பாரம் பின் சில்லிலிருந்து முன் சில்லுக்கு மாறிவிடுகிறது. அதே இறக்கத்தில் வேகத்தைக் குறைக்க மிதமாகப் பிரேக் பிடித்தாலும் இன்னும் 30 கிலோகிராமுக்கு மேல் முன்னுக்கு வரும். அந்த நேரத்தில் ஃபோர்க் ஏறக்குறைய முழுவதும் அமுங்கிப் போயிருந்தால், முடக்கின் நடுவில் உள்ள பள்ளத்தை விழுங்குவதற்கு அதில் இடம் மிஞ்சாது. மழையில் முன் சில்லு வழுக்குவதற்கு டயரை மட்டும் குறை கூறுகிறோம். பல வேளைகளில் அந்த டயருக்கு வீதியைத் தொட்டுக்கொண்டிருக்கும் வாய்ப்பையே ஃபோர்க் கொடுத்திருக்காது.

புதிய பாகம் எதையும் வாங்குமுன், இருப்பது நல்ல நிலையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல்தான் தளர்த்தப்பட்டது. ஆகவே மலையகத்தில் ஓடும் வண்டிகளில் பழையவை மிக அதிகம். அப்படிப்பட்ட ஒரு ஃபோர்க்கைக் கராஜில் பிரித்து ஒயிலை ஊற்றும்போது நின்று பாருங்கள். தெளிவாக இருக்க வேண்டிய திரவம் உலோகத் துகள் கலந்து சாம்பல் நிறத்தில், கெட்ட வாடையோடு வரும். ஒயில் கசியாமல் தடுக்கும் சீலின் விளிம்பில் தோட்டப் பாதையின் செம்மண் இறுகிப் படிந்திருக்கும். ஒயிலும் சீலும் மாற்றி, ஸ்டியரிங் கோன் செட்டையும் (ஹாண்டில் திரும்பும் பேரிங்குகள்) ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையும் (பின் சில்லைத் தாங்கும் கையின் மூட்டு) சரிசெய்த பிறகு, சிலருக்கு வேறு எதுவும் வாங்கும் தேவையே இராது.

அதன் பிறகு ஸ்பிரிங். தம்முடைய எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் எது என்று தெரியாமல் விலை உயர்ந்த ஷொக்கை வாங்குவதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. அளந்து பார்ப்பது எளிது. முன் சில்லைத் தூக்கி ஃபோர்க் முழுவதும் நீண்டிருக்கையில் அதன் உள்குழாயில் சீலோடு ஒட்ட ஒரு கேபிள் டையைக் கட்டி, வழக்கமான உடையோடும் ஹெல்மெட்டோடும் வண்டியில் ஏறி அமர்ந்து, அது எவ்வளவு தூரம் நகர்கிறது என்று இன்னொருவரை அளக்கச் சொல்ல வேண்டும். வீதியில் ஓடும் வண்டிக்கு மொத்த அசைவில் (ஃபோர்க் அமுங்கக்கூடிய முழுத் தூரத்தில்) ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வரை அமுங்கலாம்; 120 மில்லிமீற்றர் அசைவுள்ள ஃபோர்க்கில் 30 முதல் 40 மில்லிமீற்றர் சரியான அளவு. அதைவிட அதிகமாக அமுங்கினால், ஸ்பிரிங்கின் மேல் பீ.வி.சி. குழாய்த் துண்டொன்றை வைத்துப் பிரீலோடை, அதாவது ஆள் ஏறுமுன்பே ஸ்பிரிங்கில் இருக்கும் இறுக்கத்தை, கூட்டுவது இங்குள்ள வழக்கம். சிறிய குறைக்கு அது போதும். ஆனால் பிரீலோட் வண்டியின் உயரத்தைத்தான் மாற்றும், ஸ்பிரிங்கின் வலிமையைக் கூட்டாது. ஆள் ஏறியபோது அளவு சரியாக வந்து, ஆள் இறங்கியபின் வண்டி தன் சொந்த எடையில் சற்றும் அமுங்காமல் நின்றால், ஸ்பிரிங் மிக மென்மையானது என்று பொருள். அதை மாற்றத்தான் வேண்டும். ஃபோர்க்குக்கு நான் ஒரே சீரான வலிமையுள்ள ஸ்பிரிங்கையே விரும்புவேன். அமுங்க அமுங்க இறுகும் வகை இறக்கத்தில் தொடக்கத்திலேயே அதிகம் தாழ்ந்துவிடுகிறது.

டம்பிங், அதாவது ஸ்பிரிங்கின் அசைவை ஒயிலின் தடையால் அடக்குவது, இதைவிடச் சிக்கலானது. நம்மிடமுள்ள 150 சிசி வண்டிகளில் பெரும்பாலானவற்றின் ஃபோர்க்குகளில் ஒயில் சில நிலையான துளைகளின் வழியாகவே தள்ளப்படுகிறது. அந்தத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதனால் பிரேக் பிடித்து ஃபோர்க் மெதுவாகத் தாழும்போது தடை போதாமலும், கூரான பள்ளத்தில் சில்லு வேகமாக மேலெழும்போது தடை மிகையாகவும் இருக்கிறது. கை மணிக்கட்டில் உணரும் அடி அதுதான். தடிப்பான ஒயில் முதற் குறையை ஆற்றி இரண்டாவதைக் கூட்டிவிடும். நுவரெலியாவின் ஜனவரி மாதக் குளிர் விடியலில் ஒயில் இன்னும் தடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே எண் அச்சிடப்பட்ட இரு நிறுவனங்களின் ஃபோர்க் ஒயில்கள்கூட ஒரே தடிப்புடையவை அல்ல; 40 பாகை செல்சியஸில் அளந்த பாகுநிலையைத்தான் ஒப்பிட வேண்டும். பழைய துளைகளைப் பெரிதாக்கி, ஸ்பிரிங்குக்கு அடியில் எமியுலேட்டர் எனப்படும் வால்வைப் பொருத்துவது இதற்கு நல்ல தீர்வு. சிறிய இறுக்கு ஸ்பிரிங்கால் மூடியிருக்கும் அந்த வால்வு, பள்ளத்தில் மட்டும் திறந்து ஒயிலுக்கு வழிவிடும். எல்லா விட்டத்து ஃபோர்க்குகளுக்கும் அது கிடைப்பதில்லை. கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

பின் ஷொக்கின் முறை இப்போதுதான் வருகிறது. மனைவியையோ பிள்ளையையோ ஏற்றிக்கொண்டு, 25 கிலோ அரிசி மூட்டையையும் வைத்து, கருங்கல் பாவிய பாதையில் தோட்டக் குடியிருப்பான லயத்துக்கு ஏறுகிறவருக்கு நல்ல பின் ஷொக் அவசியமே. நைட்ரஜனையும் ஒயிலையும் மிதக்கும் பிஸ்டனால் பிரித்து வைத்திருக்கும் வகை, நீண்ட கரடுமுரடான பாதையில் ஒயில் நுரைத்துப் போகாமல் காக்கும். சுவீடனில் 1976 இல் தொடங்கிய ஓலின்ஸின் பொன்னிறத்தைப் போலியாகப் பூசிய மலிவுச் சரக்கு எங்கும் விற்கிறது. நைட்ரஜன் இருக்க வேண்டிய பக்கவாட்டுக் குப்பி அவற்றில் சிலவற்றில் வெறும் அலங்காரம். கடையிலேயே வண்டியில் பூட்டச் சொல்லி, அமுங்கிய ஷொக் திரும்ப எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் திருகை ஒரு கோடிக்குத் திருப்பி இருக்கையை அழுத்தி விடுங்கள். மறு கோடிக்குத் திருப்பி மீண்டும் அழுத்துங்கள். இருக்கை எழும் வேகம் இரண்டு முறையும் ஒன்றாகவே இருந்தால் அந்தத் திருகு எதையும் செய்யவில்லை.

போல்ட் மையத்திலிருந்து மையம் வரையான நீளமும் வண்டியோடு வந்த மூல ஷொக்கின் நீளமும் ஒத்திருக்க வேண்டும். பின்பக்கம் உயர்ந்து நின்றால் வண்டி இலகுவாகத் திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் சரிவில் ஏற்கனவே முன்னுக்குச் சாயும் பாரத்தை அது இன்னும் முன்னுக்குத் தள்ளுகிறது, செயினின் தளர்வும் மாறுகிறது. பாரம் ஏற்றுவதற்காகப் பிரீலோடை இறுதிப் படிக்கு இறுக்கியவர்கள், தனியே ஓட்டும்போது அதைத் தளர்த்தியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன் வீதியில் இறங்கும்போது பின் சில்லு துள்ளித் துள்ளிப் பிடிப்பை இழக்கும்.

வாங்குமுன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இதன் சீல் செட் இங்கே கிடைக்குமா, கழற்றி நைட்ரஜன் நிரப்ப யாரால் முடியும்? பதில் இல்லையென்றால், வண்டிக்குரிய தரமான மூல ஷொக்கையே புதிதாக வாங்கிப் பூட்டிவிட்டு, மிச்சப் பணத்தில் ஃபோர்க்குக்கு உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங்கையும் நல்ல டயரையும் வாங்கிவிடலாம்.