தொப்பி டிவி பார்த்த கதை

முந்தாநாள் ராத்திரி மைனி வீட்டில் எழுந்த 'நொறுக்' சத்தம் தங்கச்சிமடத்தில் பாதிப் பேருக்காவது கேட்டிருக்கும். மீதிப் பேருக்கு அதற்கப்புறம் மைனி போட்ட சத்தம் கேட்டிருக்கும்.

விஷயம் ஒரு ஓலைத் தொப்பி. ராமேஸ்வரம் கடைகளில் வெயிலுக்கு விற்கிறார்களே, அதே பனையோலைத் தொப்பிதான். அதில் பூவும் சிப்பியும் கட்டி வாசல் கதவில் மாட்டுவதை மைனி போனில் பார்த்தார், மறுநாளே மாட்டியும் விட்டார். போனில் காட்டுகிற ஊரில் கதவு நாள் முழுக்கச் சாத்தியே கிடக்கும். இங்கே பகலில் வாசல் கதவு சாத்தியிருந்தால், "என்னத்தா, யாருக்கும் மேலுக்குச் சுகமில்லையா?" என்று தெருவே வந்து தட்டும். ஆக, திறந்த கதவோடு தொப்பியும் உள்பக்கம் திரும்பி, பகல் பூரா டிவி பார்த்துக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு ஈ காக்காய் அதைப் பார்க்கவில்லை.

ராத்திரி அண்ணன் கிரில் கேட்டைப் பூட்டிவிட்டுக் கதவைத் தள்ளினார். கதவுக்கும் கிரில்லுக்கும் நடுவில் இருப்பது இரண்டு இஞ்ச். தொப்பியின் குமிழ் நாலு இஞ்ச். "கதவு ஈரத்துக்கு ஊதிருச்சு போல" என்று தோளைக் கொடுத்து இன்னொரு தள்ளு.

பனையோலை என்பதால் பிழைத்தது. நசுங்கியதைக் காய்ந்தபடியே நிமிர்த்தினால் மடிப்பில் ஒடியும். ஈரத் துணியைப் பிழிந்து, சுற்றி ஒரு மணி நேரம் வைத்தால் ஓலை இளகும். பிறகு அளவான சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டி நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் விளிம்பு நெளிந்துவிடும். துணியைச் சரியாகப் பிழியாவிட்டால் சாயம் போட்ட ஓலையில் ரோஸும் பச்சையும் கலந்து அழுக்கு நிறமாகும். மைனி வீட்டில் அந்த அளவுக்குப் பொருந்தியது மீன் குழம்புச் சட்டி ஒன்றுதான். இனி பூனைக்கும் காவல் இருக்கணும்.

நசுங்காவிட்டாலும் அது நாலு நாள் தாங்கியிருக்காது, ஏனென்றால் முழுக்க க்ளூ கன்னில் பசையை உருக்கி ஒட்டிய வேலை. ஓலையின் முகம் வழவழப்பு, பசை சரியாகப் பிடிக்காது. மேற்கு பார்த்த வாசலில் மத்தியான வெயில் பட்டால் இளகி, பூ ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். இதற்குத் தையல்தான் சரி. இரும்புக் கம்பி ஆகாது. கடல் காற்றில் துருப்பிடித்து ஓலையில் காவிக் கறை இறக்கிவிடும். அண்ணன் வலை பொத்துகிற தங்கூசியில், அதாவது நைலான் நரம்பில், இரண்டு பாகம் (இரண்டு கைவிரிப்பு நீளம்) போதும். கோணி ஊசியை ஓலையில் குத்தவே கூடாது, நார் வாக்கில் கிழிந்துகொண்டே போகும். பின்னலின் இடுக்கில் விட்டு அடுத்த இடுக்கில் எடுக்க வேண்டும். தங்கூசி வழுக்கும் என்பதால் முடிச்சை மூன்று சுற்றுப் போட்டு, நுனியை ஊதுபத்தியால் தொட்டு உருக்க வேண்டும். தீக்குச்சியைக் கொண்டுபோனால் தொப்பியே தீபமாகும்.

சிப்பிக்கு ட்ரில் போட்டு உடைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கரையில் ஒதுங்கும் மட்டிச் சிப்பிகளைக் கிளறினால், சிலவற்றில் அளவெடுத்தது போல வட்ட ஓட்டை இருக்கும். நத்தை ஜாதி ஒன்று துளைபோட்டு உள்ளே இருந்த சதையைத் தின்ற அடையாளம் அது. நமக்குக் கூலியில்லாத வேலை. ஆனால் நல்ல தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டே கட்ட வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் ஈரத்தை இழுத்து, தொட்ட இடத்தில் ஓலை கறுத்துவிடும். பவளத் துண்டு, கடல்குதிரை பக்கம் கையே போகக் கூடாது. இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. தொப்பிக்காகக் கேஸ் வாங்கிய குடும்பம் என்ற பெயர் வேறு எதற்கு?

பூவைச் சுற்றிலும் நிரப்பினால் சாமி படத்துக்கு மாலை போட்ட மாதிரி இருக்கும். தொப்பியைக் கடிகாரமாக நினைத்து, ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும் மட்டும், பெரிசு ஒன்று, சிறிசு இரண்டு. குமிழைச் சுற்றவும் குஞ்சம் தொங்கவும் ஒன்றரை மீட்டர் பட்டை ஆகும். சாட்டின் ரிப்பன் வெளுக்கும், ஜரிகை கறுக்கும். பழைய நூல் சேலையின் கரையைக் கத்தரித்துக் கட்டினால் இரண்டு தொல்லையும் இல்லை.

மாட்ட வேண்டிய இடம் கதவு இல்லை, நிலைக்குப் பக்கத்துச் சுவர். ஒற்றை ஆணியில் தொங்கவிட்டால் தொப்பி சுற்றிக்கொண்டே இருக்கும். பத்து மணி, இரண்டு மணி, ஆறு மணி என மூன்று இடத்தில் கட்ட வேண்டும். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். ஆடி மாதக் கச்சான் காற்றுக்கு ஒரு தொப்பி எம்மாத்திரம்? உயரம் ஆறடிக்குக் குறையக் கூடாது. ஆடு பின்னங்காலில் நின்றால் எதுவரை எட்டும் என்பது அந்தத் தெருவில் முருங்கை வைத்த எல்லோருக்கும் தெரியும்.

இன்று காலையில் சுவரில் ஏறியாகிவிட்டது. மத்தியானத்துக்குள் எதிர்வீட்டு அத்தாச்சி, "எனக்கும் ஒண்ணு, சும்மா பொழுதுபோக்கா செஞ்சு குடு" என்று வந்து நிற்கிறார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். பொழுதுபோக்காம்! ஊசி ஏறிய விரலை யாரும் பார்க்கவில்லை. மைனி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: தொப்பியும் சிப்பியும் சேலைக்கரையும் அவரவர் கொண்டுவர வேண்டும், தங்கூசி மட்டும் அண்ணன் கணக்கு. அண்ணனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.