காலி வண்டியில் மட்டும் கேட்கிற சத்தம்

அப்பா 1997இல் வாங்கிய டாடா 407 லோடு வண்டி. அப்பாவுக்குப் பிறகு விற்க மனம் வராமல் தக்கலை பக்கம் எங்கள் வீட்டு முற்றத்தில் பலாமரத்தடியில் நிற்கிறது. நான் மெக்கானிக் இல்லை, கணக்கு எழுதுகிற ஆள். ஞாயிறு ஆனால் கைலியைக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவேன், அவ்வளவுதான். இந்தச் சத்தம் மே மாதம் தொடங்கி ஆகஸ்டில்தான் முடிந்தது. நடுவில் வீணாய்ப் போனது ஏழாயிரம் ரூபாய்க்கு மேல்.

சத்தம் எப்படி என்றால், வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் அடிக்கும்போது உள்ளேயிருந்து ஒரு 'கும்' எழும் அல்லவா, அதை விடாமல் இழுத்தது மாதிரி. 35 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாகத் தொடங்கும், 40, 45இல் கேபின் முழுக்க நிறைந்து கியர் லிவரே லேசாக நடுங்கும், 55 தாண்டினால் அடங்கிவிடும்.

முதலில் எது இல்லை என்று கழித்துக்கொண்டே போனேன். நிறுத்தி வைத்து ரேஸ் கொடுத்தால் சத்தம் இல்லை. நியூட்ரலில் கிளட்சை மிதித்தாலும் விட்டாலும் ஒன்றும் இல்லை, ஆகவே கிளட்ச் பக்கத்து ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸின் முன்பக்கத்து டாப் ஷாப்ட் பேரிங் இரண்டையும் விட்டுவிட்டேன். 45இல் போகும்போது நியூட்ரலுக்குத் தள்ளினேன், இன்ஜின் ஐடிலுக்கு இறங்கியது, 'கும்' மட்டும் அப்படியே நின்றது. அப்படியானால் இன்ஜினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஏதோ ஒன்று. (இந்தச் சோதனைக்காக யாரும் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டாதீர்கள். பிரேக்குக்கு வேக்குவம் போய்விடும், அப்புறம் மிதித்தாலும் கல் மாதிரி நிற்கும்.)

மிச்சம் இருந்தது கியர்பாக்ஸின் பின்பக்கம், அங்கிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இரண்டு துண்டு ஜாயிண்ட் ஷாப்ட், அதை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங், பின்சக்கரங்களுக்கு நடுவே உள்ள ஹவுசிங், வீல் பேரிங். இங்கேதான் நான் யோசிப்பதை விட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்தேன். கியர் ஆயிலை இறக்கிப் பார்த்தால் கொஞ்சம் பித்தளைப் பொடி மினுங்கியது, வயசான கியர்பாக்ஸில் சின்க்ரோ ரிங் தேய்கிற அளவுதான், இரும்புச் சில்லு எதுவும் இல்லை. புதிய 80டபிள்யூ-90 ஊற்றினேன். சத்தம் போகவில்லை. ஊரில் எல்லோரும் ஆசான் என்று கூப்பிடும் பழைய மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வில்லுக்குறி வரை ஒரு ஓட்டம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, "இது கிரவுன் பினியன்தான் மக்கா, வேற ஒண்ணும் இல்ல" என்று முடித்துவிட்டார். கிரவுன் பினியன் என்பது ஹவுசிங்குக்குள் இருக்கிற பல்சக்கர ஜோடி, அதைப் பிரிக்கிற தைரியம் எனக்கு இல்லை, பணமும் இல்லை. அதனால் அடியில் படுத்துப் பார்த்ததில் சென்டர் பேரிங்கைத் தாங்குகிற ரப்பர் வெடித்திருந்தது, ஆகா, ஆள் சிக்கிவிட்டான் என்று அதை மாற்றினேன். பாதிப் பகல் போனது. சத்தம் போகவில்லை.

ஜூலையில் மதில் கட்ட ஆரல்வாய்மொழிச் சூளையில் செங்கல் எடுக்கப் போனேன். ஆடிக் காற்று. கணவாய்க்குள் நுழைந்ததும் வண்டியையே ஒரு பக்கம் தள்ளுகிற காற்று, அதில் எந்தச் சத்தத்தைப் பிரித்துக் கேட்பது? ஐந்நூறு கல் ஏற்றித் திரும்பும்போது நாகர்கோவில் தாண்டியும் 'கும்' வரவே இல்லை. புது சென்டர் பேரிங் இப்போதுதான் படிந்திருக்கிறது போல என்று நானே எனக்கொரு கதை சொல்லிச் சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலி வண்டியை எடுத்தால் மறுபடி வந்து நிற்கிறது.

இதை மச்சானிடம் புலம்பியபோது (அவன் அருமனை பக்கம் ரப்பர் தடி லோடு ஓட்டுகிறவன்) ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "லோடு போட்டா கேக்காதுல்லா? அப்போ அத்தான், லோடு போட்டா வண்டிக்கு அடியில என்ன மாறும்?"

பட்டை, அதாவது வண்டியைத் தாங்குகிற ஸ்பிரிங் தகடுகள், அமுங்கும். பட்டை அமுங்கினால் ஹவுசிங் சேஸிஸுக்குக் கிட்டே வரும், ஜாயிண்ட் ஷாப்டின் சரிவு குறையும். பினியனோ வீல் பேரிங்கோ கெட்டிருந்தால் பாரம் ஏறும்போது சத்தம் அதிகமாகத்தானே வேண்டும்!

அன்று சாயங்காலமே டயரிலும் ஷாப்டிலும் சாக்பீஸ் கோடு போட்டு, அவன் தள்ள, நான் குனிந்து எண்ணினேன். டயர் ஒரு சுற்று உருண்டால் தரையில் சுமார் இரண்டரை மீட்டர், அதற்குள் ஷாப்ட் ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. 40இல் போனால் வினாடிக்கு 11 மீட்டர், டயர் நாலரைச் சுற்று, ஷாப்ட் 22 சுற்று. போனில் அதிர்வு அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக் கேபின் தரையில் வைத்து ஓட்டினோம், வினாடிக்கு 43, 44 என்று காட்டியது. ஷாப்ட் ஒரு தடவை சுற்றினால் இரண்டு அதிர்வு. டயரில் பேலன்ஸ் கோளாறு என்றால் நாலைந்துதான் வரும், ஷாப்ட் வளைந்திருந்தால் 22 வரும். சுற்றுக்கு இரண்டு என்றால் கை காட்டுவது, ஷாப்ட் சாய்வாகவும் சுற்றும்படி நுனியில் இணைக்கிற யூஜே கிராஸ் பக்கம்.

கிராஸ் சாய்ந்து நின்று சுற்றும்போது சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். அதனால்தான் பின் ஷாப்டின் இரண்டு நுனியிலும் கிராஸைப் பிடிக்கிற போர்க்குகளின் காதுகள் ஒரே நேராக இருக்க வேண்டும், ஒன்று முந்துவதை இன்னொன்று சமன் செய்துவிடும். நேர் தவறினால் இரண்டும் சேர்ந்து உதறும், சரிவு கூடக்கூட உதறலும் கூடும்.

இப்போது பிப்ரவரிக்குப் போக வேண்டும். பின் கிராஸ் ஆடுகிறது என்று நானே ஷாப்டை இறக்கி, சர்க்ளிப் கழற்றி, புதுக் கிராஸ் அடித்து ஏற்றியிருந்தேன். அந்த வேலையைப் பற்றி வீட்டில் ஒரு வாரம் பெருமை பேசியிருக்கிறேன். ஷாப்ட் நீண்டு சுருங்குவதற்காகப் பல்லோடு பல் செருகியிருக்கும் ஸ்லிப் ஜாயிண்டைக் கிரீஸ் போட உருவி, எந்தப் பல் எந்தப் பல்லில் இருந்தது என்று பார்க்காமல் திரும்பச் செருகியவனும் நான்தான். மதில் வேலைக்காக ஏப்ரல் வரை மணலும் ஜல்லியுமாக லோடோடேயே ஓடியதால் அப்போது சத்தம் காதில் விழவில்லை.

ஷாப்டை இறக்கி மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் வைத்துத் தேய்த்தேன். காய்ந்த கிரீஸும் செம்மண்ணும் தோல் மாதிரி உரிந்து வந்தது, அடியில் குழாயில் ஒரு அம்புக்குறி, அதோடு சேரும் போர்க்கான ஸ்லிப் யோக்கில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்டக் கால் சுற்று. அதைவிட மோசமாக மாட்டவே முடியாது. உருவி, அம்புக்கு அம்பு நேராக வைத்துச் செருகி, போல்ட் முறுக்கி, காலி வண்டியை எடுத்தோம். 40, 45, 50. ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு நட்டு கிலுகிலுப்பது முதல்முறையாகக் கேட்டது. மச்சான் "கொள்ளாம்" என்று மட்டும் சொன்னான்.

வெடித்த அந்த சென்டர் பேரிங் ரப்பர்கூட இந்த உதறலில்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன், ஆக அந்தச் செலவை முழு வீண் என்று சொல்ல முடியாது. ஷாப்டின் மேல் அம்புகளைச் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு பட்டைக் கோடு இழுத்துவிட்டேன். கியர் ஆயில் மாற்றியபோது பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டதால் டிரெயின் பிளக் இப்போது சொட்டுகிறது. அது அடுத்த ஞாயிறு.