"எப்படித் தெரியும்?" என்று கேட்டார்

சாஃப்ட்வேர் வேலைக்கான நேர்காணல் முடிந்த மூன்றாம் நாள் மெயில் வந்தது. இரண்டே வரி. வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். காரணம் எதுவும் எழுதவில்லை. எந்த இடத்தில் சறுக்கினேன் என்பது அறையை விட்டு வெளியே வரும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

கோடிங் ரவுண்ட் நன்றாகத்தான் போனது. கூட்டினால் குறிப்பிட்ட எண் வருகிற இரண்டு எண்களைக் கண்டுபிடிக்கும் கணக்கு. முதலில் லூப்புக்குள் லூப் போட்டேன், அப்புறம் பார்த்த எண்களைக் குறித்து வைக்கும் ஹேஷ் மேப் வைத்து ஒரே லூப்பில் முடித்தேன். வாரக்கணக்கில் பயிற்சி எடுத்ததெல்லாம் இந்த மாதிரிக் கணக்குகளுக்குத்தான்.

அடுத்த ரவுண்டில் இருந்தவர் என் ரெஸ்யூமேயைக் கையில் வைத்திருந்தார். "இன்டெக்ஸ் சேர்த்துத் தேடலை வேகப்படுத்தினேன்னு எழுதியிருக்கீங்க. அந்தக் குவெரியை போர்டில் எழுதிக் காட்டுங்களேன்" என்றார். குவெரி என்பது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி; இன்டெக்ஸ் என்பது டேபிள் முழுவதையும் படிக்காமல் வேண்டிய வரியைக் கண்டுபிடிக்க உதவும் அடைவு.

எழுதினேன். யூசர் டேபிளில் ஈமெயிலை வைத்துத் தேடும் குவெரி. பெரிய எழுத்தில் டைப் செய்தாலும் சின்ன எழுத்தில் டைப் செய்தாலும் ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்காக, ஈமெயில் ஃபீல்டுக்கு, எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக மாற்றும் லோயர் ஃபங்ஷன் போட்டிருந்தேன்.

"இன்டெக்ஸ் எதில்?"

"ஈமெயிலில்."

"இந்தக் குவெரி அந்த இன்டெக்ஸைப் பயன்படுத்துதா?"

"பயன்படுத்தும்."

"எப்படித் தெரியும்?"

"வேகமா வந்துச்சு" என்றேன். டேபிளில் எத்தனை வரிகள் என்று கேட்டார். 150 இருக்கும் என்றேன். இன்டெக்ஸ் உள்ளே எப்படி அமைந்திருக்கும் என்று அடுத்துக் கேட்டார். சீக்கிரம் தேட உதவும் என்பதையே வார்த்தையை மாற்றி மாற்றி இரண்டு முறை சொன்னேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான். அவர் கடுமையாக ஒன்றுமே கேட்கவில்லை; நான் செய்ததாக நானே எழுதிய வேலையைப் பற்றித்தான் கேட்டார்.

அன்று சாயங்காலமே நினைவிருந்த கேள்விகளை எல்லாம் நோட்டில் எழுதினேன். மறுநாள் எழுதியிருந்தால் பாதி மறந்திருக்கும். பிறகு போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஒரு டெஸ்ட் டேபிள் உருவாக்கினேன். அதில் ஜெனரேட் சீரீஸ் என்ற ஃபங்ஷன் இருப்பதால் 10 லட்சம் வரிகளை ஒரே கட்டளையில் நிரப்பிவிடலாம். ஈமெயிலுக்கு இன்டெக்ஸ் போட்டு, என்னுடைய அதே குவெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் சேர்த்து ஓட்டினேன். குவெரியை டேட்டாபேஸ் எந்த வழியில் ஓட்டியது என்ற பிளானை அது காட்டும்.

பேரலல் சீக் ஸ்கேன் என்று வந்தது. டேபிள் முழுவதையும் வரிவரியாகப் படித்திருக்கிறது. இன்டெக்ஸ் பெயர் எங்கேயும் இல்லை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு புரிந்தது. இன்டெக்ஸில் ஈமெயில் உள்ளது உள்ளபடி வரிசைப்படுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. நான் தேடுவதோ லோயர் போட்டு மாற்றிய வடிவத்தை. அந்த வடிவம் இன்டெக்ஸிலேயே கிடையாது. லோயர் போட்ட வடிவத்துக்கே ஓர் இன்டெக்ஸ் போட்டு ஓட்டியதும் பிளானில் அதன் பெயர் வந்தது. நேரமும் சட்டென்று இறங்கியது.

அப்படியானால் என் பிராஜெக்டில் மட்டும் வேகமாக வந்தது எப்படி? 150 வரிகள், போஸ்ட்கிரெஸ் டேட்டாவைப் பிரித்து வைக்கும் 8 கேபி பக்கங்கள் இரண்டு மூன்றிலேயே அடங்கிவிடும். அவ்வளவு சின்ன டேபிளைச் சரியான இன்டெக்ஸ் இருந்தாலும் அது முழுசாகத்தான் படிக்கும், ஏனென்றால் அதுதான் செலவு குறைவு. நான் பெருமையாக எழுதிய இன்டெக்ஸ் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை.

அப்புறம், இன்டெக்ஸ் உள்ளே எப்படி அமைந்திருக்கும் என்ற கேள்விக்கு விடை: கிளை கிளையாகப் பிரியும் பி-ட்ரீ. ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்கிரைட்டும் 1972இல் எழுதிய கட்டுரையில் வந்த அமைப்பு. இன்றைக்கும் போஸ்ட்கிரெஸில் வேறெதுவும் சொல்லாமல் இன்டெக்ஸ் போட்டால் கிடைப்பது பி-ட்ரீதான். பேப்பரில் கட்டம் கட்டமாக வரைந்து பார்த்தேன். ஒரு பக்கத்தில் 200 ஈமெயில் என்று வைத்துக்கொண்டால், மேலிருந்து கீழே மூன்றே அடுக்கில் 80 லட்சம் ஈமெயிலை எட்டிவிடலாம். அந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வேலை கிடைக்காத வருத்தம் அந்த ஒரு மணி நேரம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அதற்கப்புறம் ரெஸ்யூமேயை எடுத்து, ஒவ்வொரு வரியிடமும் அவர் கேட்ட கேள்வியையே கேட்டேன். எப்படித் தெரியும்? டியூட்டோரியலைப் பார்த்து அப்படியே காப்பி செய்த ரெடிஸ் என்ற டூல் பற்றிய வரி போனது. மைக்ரோசர்வீஸ் என்ற சொல்லும் போனது. இரண்டு பக்கம் ஒன்றரை ஆனது. ஜூனியராக விண்ணப்பிப்பவர்கள் எல்லாரும் அடுத்த நேர்காணலுக்கு முன்னால் இதை ஒருமுறை செய்துவிடுங்கள். நூறு கணக்கு போட்டுப் பழகுவதைவிட இதற்கு நேரம் குறைவு, வலி மட்டும் கொஞ்சம் அதிகம்.

அடுத்த நேர்காணல் வேறொரு நிறுவனத்தில். இரண்டு ஃபீல்டுக்குச் சேர்த்து ஒரே இன்டெக்ஸ் போட்டிருந்தால், இரண்டாவது ஃபீல்டை மட்டும் வைத்துத் தேடும்போது உதவுமா என்று கேட்டார்கள். அதை நான் முயன்று பார்த்ததில்லை.

"தெரியாது. முதல் ஃபீல்டை வைத்துத்தான் வரிசை இருக்கும், அதனால் பெரிசா உதவாதுன்னு நினைக்கிறேன். எக்ஸ்ப்ளெயின் போட்டுப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்" என்றேன்.

கேட்டவர் தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "சரி, போட்டுப் பாருங்க."