பழைய ஃபிலிம் டப்பாவும் அந்த வினிகர் நாத்தமும்

பழைய ஃபிலிம் டப்பாவ தெறந்தா குப்புனு ஒரு புளிச்ச வாடை மூக்குல ஏறும் பாருங்க, அது அசிட்டிக் ஆசிட்தான், ஃபிலிம் கெட்டுப்போற இந்த வியாதிக்கு பேரே வினிகர் சிண்ட்ரோம். சட்டுனு தீப்பிடிக்கிற நைட்ரேட் ஃபிலிமுக்கு பதிலா 'சேஃப்டி ஃபிலிம்'னு செல்லுலோஸ் அசிடேட்னு ஒரு வகை பிளாஸ்டிக்க கொண்டு வந்தாங்க (நல்ல சேஃப்டி போங்க!). சூடும் ஈரப்பதமும் சேர்ந்தா அதுல இருக்க அசிடைல்ங்கற பகுதி பிச்சுக்கிட்டு ஆசிடா வெளிய வருது, வந்தது சும்மா இருக்காம மிச்சத்தையும் இன்னும் வேகமா உடைக்குது, இறுக்கி மூடுன டப்பால அது போக வழியும் இல்ல, கடைசில ஃபிலிம் சுருங்கி நெளிஞ்சு மேல படம் பதிஞ்சிருக்க படலமே உரிஞ்சுரும். அமெரிக்கால ரோச்செஸ்டர்ல இருக்க இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட்ங்கற ஆராய்ச்சி மையம் இத கண்டுபிடிக்கனே ஏ-டி ஸ்ட்ரிப்னு நீல கலர் பேப்பர் துண்டு வச்சிருக்காங்க, டப்பாக்குள்ள போட்டு வச்சா ஆசிட் ஏற ஏற பச்சையாகி மஞ்சளாயிடும். எனக்கு ரொம்ப புடிச்ச ஐடியா இது. ஆனா இந்த வியாதி ஆரம்பிச்சுட்டா நிறுத்த முடியாது, குளிர்ல வச்சு மெதுவாக்கலாம், அதுக்குள்ள ஸ்கேன் பண்ணிக்கணும்.