ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் டெபியனும்: இதுவரை சரிசெய்தவை

பழைய லேப்டாப்பில் விண்டோஸை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்திலேயே லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12 போட்டிருக்கிறேன். ராம் 4 ஜிபிதான். நன்றாகவே ஓடுகிறது, ஆனால் சில்லறைத் தொல்லைகள் நிறைய.

முதலில் கடிகாரம். லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் மணி தப்பாகக் காட்டியது. அங்கே சரியானதும் லினக்ஸில் தப்பு. இதற்கு மதர்போர்டு பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டாம். மதர்போர்டில் உள்ள வன்பொருள் கடிகாரத்தில் இருப்பதை லினக்ஸ் யுடிசி (உலகப் பொது நேரம்) ஆக எடுத்துக்கொள்கிறது, விண்டோஸோ உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் நேர மண்டலம் யுடிசியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, சரியாக அவ்வளவு நேரம் பிசகினால் காரணம் இதுதான்.

டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரை) டைம்டேட்சிடிஎல் கட்டளையோடு 'செட்-லோக்கல்-ஆர்டிசி 1' சேர்த்து லினக்ஸையே உள்ளூர் நேரத்துக்கு வளைத்துவிடலாம். ஒரு வரி வேலை. ஆனால் கோடைக்கு ஒருமுறை மணியை மாற்றும் நாடுகளில் இரண்டு சிஸ்டமும் தனித்தனியே கையை வைத்துக் குழப்பும். இப்படி வைத்தால் டைம்டேட்சிடிஎல்லே எச்சரிக்கிறது. எனவே நான் விண்டோஸைத்தான் மாற்றினேன்: விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரிஜிஸ்ட்ரியில் டைம்ஜோன்இன்ஃபர்மேஷன் என்ற இடத்தில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்ற பெயரில் ஒரு டிவேர்டு (எண் வகைப் பதிவு), மதிப்பு 1. பெயரை ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். அதோடு தொல்லை விட்டது.

அப்புறம் கிரப் மெனு, அதாவது லேப்டாப்பைப் போட்டதும் எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் பட்டியல். அதில் விண்டோஸ் பெயரையே காணோம். கிரப் 2.06 முதல் மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, பாதுகாப்புக் காரணமாம். ஈடிசி ஃபோல்டரில் இருக்கும் டீஃபால்ட் ஃபோல்டருக்குள் உள்ள கிரப் ஃபைலில், ஓஎஸ்-புரோபரை 'டிசேபிள்' செய்யச் சொல்லும் வரிக்கு 'ஃபால்ஸ்' என்று மதிப்புக் கொடுத்து, அப்டேட்-கிரப் ஓட்டினேன். வந்துவிட்டது. வரியின் தொடக்கத்தில் # இருந்தால் எடுத்துவிடுங்கள், எடுக்காவிட்டால் அந்த வரி வேலை செய்யாது.

டெப் ஃபைலாக (டெபியனுக்கான நிறுவல் ஃபைல்) இறக்கிய மென்பொருளை நிறுவ டிபிகேஜி கட்டளை வேண்டாம், அந்த மென்பொருள் ஓடத் தேவையான மற்ற தொகுப்புகளை அது கொண்டுவராது. அவற்றையும் சேர்த்துக் கொண்டுவரும் ஆப்ட் கட்டளையில் 'இன்ஸ்டால்' கொடுத்து, ஃபைல் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் போடுங்கள். அவை இல்லாவிட்டால் ஆப்ட் அந்தப் பெயரை டெபியனின் மென்பொருள் களஞ்சியத்தில் தேடிவிட்டுக் கையை விரித்துவிடும்.

ராமில் இருப்பதை டிஸ்க்கில் உள்ள ஸ்வாப் இடத்துக்கு லினக்ஸ் எவ்வளவு தாராளமாகத் தள்ளும் என்பதைச் சொல்லும் ஸ்வாப்பினெஸ் மதிப்பை 60லிருந்து 10க்கு இறக்கியும் பார்த்தேன். பலரும் இதைப் பெரிய மந்திரம்போலச் சொல்கிறார்கள். ஹார்டு டிஸ்க் கொஞ்சம் அமைதியானது, அவ்வளவுதான். பிரவுசரில் டேப்களைக் குறைத்தது இதைவிட உதவியது. அடுத்து ஜீராம் போடப் போகிறேன். அது டிஸ்க்கைத் தொடாமல் ராமிலேயே ஒரு பகுதியில் தரவைச் சுருக்கி வைத்து ஸ்வாப்பாக்குவதால், அதை வேகமாகவே பயன்படுத்தலாம்; எனவே ஸ்வாப்பினெஸ் மதிப்பை மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.8 பதிப்பு முதல் 200 வரை ஏற்றலாம்.